மேற்கு யன்னலுக்கு ஒரு மறைப்பு

"அக்கா, இது அலுமினியம், துருப்பிடிக்காது, எடுங்கோ" என்று யன்னலுக்குப் போடும் தகட்டு மறைப்பைக் காட்டினார் கடைத் தம்பி.

தகடுகள் துருப்பிடிக்காதுதான். ஆனால் மாதிரிக்குத் தொங்கவிட்டிருந்ததில், மேல் சட்டத்தைப் பிடித்திருந்த திருகாணியைச் சுற்றிப் பழுப்பு நிறம் இறங்கியிருந்தது. கடைக்குள்ளேயே இப்படியென்றால் திருகோணமலை உப்புவெளியில், கடற்காற்று நேராக வந்து மோதும் எங்கள் வீட்டில் அது எவ்வளவு காலம் தாங்கும்?

விலை குறைந்தது எது என்று கேட்கும்போது சுருளும் துணி, தகடு, மூங்கில் என்று விலையை மட்டும் ஒப்பிடுகிறோம். எந்தத் திசை யன்னல் என்று யாரும் கேட்பதில்லை.

எங்களுக்கு வில்லங்கம் மேற்குப் பக்கம்தான். தென்மேற்கிலிருந்து கச்சான் காற்று வீசும் மாதங்களில் பின்னேர வெயில் கண்ணாடியைத் தாண்டி உள்ளே வந்துவிட்டால், அப்புறம் உள்ளே எவ்வளவு விலையான திரை போட்டாலும் வந்த வெக்கையில் பெரும்பகுதி அறைக்குள்தான் நிற்கும். வெயிலை வெளியிலேயே மறிக்க வேண்டும். அதற்குத் தாழ்வாரத்தில் கட்டும் மூங்கில் தட்டி போதும், காற்றும் வரும். ஐப்பசி மழை தொடங்க முன்னர் சுருட்டிக் கழற்றி வைத்தால் பூஞ்சணமும் பிடிக்காது.

மற்ற யன்னல்களுக்குச் சாதாரண பருத்தித் துணி, தோய்த்துப் போடலாம். சரி, ஒன்று மட்டும்: சின்னப் பிள்ளைகள் உள்ள வீடென்றால் இழுக்கும் கயிற்றைத் தொங்க விடாதீர்கள், கழுத்தில் சுற்றினால் உயிருக்கே ஆபத்து. எட்டாத உயரத்தில் கொளுக்கி அடித்துச் சுற்றி வையுங்கள்.

திருகோணமலையில் தட்டியை அளவுக்குப் பின்னித் தருபவர்களைத் தெரிந்தால் சொல்லுங்கள்.