எதிர்மனுதாரர் சார்பில்

நல்லூர்த் திருவிழாவை முன்னிட்டு நான்கு வார விடுமுறையில் கொக்குவிலுக்கு வந்திருக்கிறேன். வந்த மூன்றாம் நாள் மாலை, அடுத்த வீட்டு மாமா ஒரு சொப்பிங் பையுடன் வந்து விறாந்தைக் கதிரையில் அமர்ந்தார். விதானையாரின், அதாவது கிராம சேவையாளரின் கடிதம், சமாதான நீதவான் முத்திரையிட்ட கடிதம், இரண்டு பிறப்பு அத்தாட்சிப் பத்திரங்கள், அவற்றின் ஆங்கில மொழிபெயர்ப்புகள் என்று ஒவ்வொன்றாக எடுத்து முக்காலியில் அடுக்கினார். கடைசியாக, ரொறன்ரோவிலிருந்து மகன் தொலைபேசியில் அனுப்பிய தீர்ப்பை அச்செடுத்த தாள்கள் வந்தன. "பிள்ளை, நீர் அங்கை இமிகிரேசன் லோயரெல்லே, இதை ஒருக்காப் பாரும்" என்றார். அம்மா தேத்தண்ணியுடன் வரும் வரைக்கும் நான் அந்தத் தாள்களைத் தொடவில்லை. வந்த பிறகும் தொடவில்லை.

நான் குடிவரவு வழக்குகளில் முன்னிலையாகும் சட்டத்தரணிதான். ஆனால் மாமாவின் மகனைப் போன்றவர்களுக்காக முன்னிலையாவதில்லை. கனடிய நீதித் திணைக்களத்தின் ரொறன்ரோ அலுவலகத்தில் பணியாற்றுகிறேன். வழக்கின் தலைப்பில் மனுதாரரின் பெயருக்குக் கீழே 'எதிர்மனுதாரர்' என்று வரும் அமைச்சரின் சார்பில் எழுந்து பேசுவதே என் தொழில். அம்மா இதைப் பல வருடங்களாக ஊரில் 'அரசாங்க உத்தியோகம்' என்று மட்டுமே சொல்லி வந்திருக்கிறார். அதில் பொய் இல்லை. யாழ்ப்பாணத்தில் அந்தச் சொல்லுக்கு இருக்கும் மதிப்பும் குறையவில்லை. 'அரச தரப்புச் சட்டத்தரணி' என்று சொல்லியிருந்தால் கதை வேறாகியிருக்கும். 1979 இன் பயங்கரவாதத் தடைச் சட்டத்தின் கீழ் பிள்ளைகளைக் கூண்டில் பார்த்த ஊர் இது. அரச தரப்பு என்றதும் இங்குள்ளவர்களின் மனக்கண்ணில் எழுவது குற்ற ஒப்புதல் வாக்குமூலத்தைக் கையில் வைத்துக்கொண்டு நிற்கும் ஒருவரின் உருவம்.

என் மேசைக்கு வருவது அப்படிப்பட்ட வழக்கு அல்ல. ஓர் அகதிக் கோரிக்கையோ, மனிதாபிமான அடிப்படையிலான விண்ணப்பமோ, மாணவர் விசாவோ இறுதியாக நிராகரிக்கப்பட்டால், பாதிக்கப்பட்டவர் கனடாவின் சமஷ்டி நீதிமன்றத்தில் நீதிமுறை மீளாய்வு, அதாவது அந்தத் தீர்மானம் முறையாக எடுக்கப்பட்டதா என்ற பரிசீலனை, கோரலாம். அதற்கும் முதலில் நீதிமன்றத்தின் அனுமதி வேண்டும். ஒரு நீதிபதி இரு தரப்பு எழுத்து வாதங்களையும் தனியே படித்து அனுமதியை வழங்குவார் அல்லது மறுப்பார். மறுக்கும்போது பெரும்பாலும் காரணம் எழுதப்படுவதில்லை, அந்த மறுப்புக்கு மேன்முறையீடும் இல்லை. அனுமதி கிடைத்தால், அன்றிலிருந்து 30 நாளுக்கு முந்தாமலும் 90 நாளுக்குப் பிந்தாமலும் விசாரணை நடந்தாக வேண்டும். 2024 இல் இவ்வகை மனுக்கள் 20,000 ஐத் தாண்டின. எங்கள் அலுவலகத்தில் ஒருவருக்கு ஒரே வாரத்தில் எத்தனை கோப்புகள் வரும் என்பதை இதிலிருந்து ஊகித்துக்கொள்ளலாம்.

விசாரணையில் நான் வாதிடுவது 'இவர் நாட்டில் இருக்கலாமா, கூடாதா' என்பதை அல்ல. அதை முடிவு செய்தவர் வேறொருவர். அவர் எழுதிய காரணங்கள், அவர் முன்னிருந்த சான்றுகளுக்கும் சட்டத்துக்கும் முகம் கொடுக்கின்றனவா, அவற்றினூடாக ஒரு நியாயத்தொடர் ஓடுகிறதா என்பது மட்டுமே கேள்வி. 2019 டிசம்பரில் கனடிய உச்ச நீதிமன்றம் வாவிலொவ் வழக்கில் வகுத்த அளவுகோல் அது. மனுதாரர் வென்றாலும் அவருக்கு வதிவுரிமை கிடைத்துவிடாது. கோப்பு இன்னோர் அதிகாரியிடம் புதிதாகத் தீர்மானிக்கப் போகும். ஊரவர்களுக்கு இதை விளங்கப்படுத்துவது கடினம். "வென்றாச்சு எண்டினம், பிறகேன் திரும்பவும் இன்ரவியூ?" என்று கேட்பார்கள். நியாயமான கேள்விதான்.

இந்தச் சட்டத்தின் முக்கியமான பக்கங்கள் பலவற்றில் எங்கள் ஆட்களின் வாழ்க்கை இருக்கிறது என்பது நான் இத்தொழிலுக்கு வந்த பிறகு உறைத்த உண்மை. சித்திரவதைக்கு உள்ளாகக்கூடிய நாட்டுக்கு ஒருவரை அனுப்புவது பொதுவாக அரசியலமைப்புக்கு முரணானது என்று உச்ச நீதிமன்றம் 2002 இல் சொன்னது ஓர் ஈழத்தமிழரின் வழக்கில். 2010 ஓகஸ்டில் 492 பேருடன் பிரிட்டிஷ் கொலம்பியாவை அடைந்த 'சன் சீ' கப்பலில், இயந்திர அறையில் முறைவைத்து வேலை செய்தவரையும், கூடுதல் உணவுக்காகச் சமைத்தும் கடலைப் பார்த்திருந்தும் உதவியவரையும் ஆட்கடத்தற்காரர்கள் என்று அரசு வாதிட்டது. அகதிகள் தப்பி வரும் வழியில் ஒருவருக்கொருவர் செய்யும் உதவி அந்த வரையறைக்குள் விழாது என்று 2015 நவம்பரில் தீர்ப்பு வந்தது. அந்த வழக்குகளில் அரச தரப்பில் நின்றவர்கள் என் திணைக்களத்தின் சட்டத்தரணிகள். தோற்ற வாதங்கள் அவர்களுடையவை. புதிதாகச் சேர்ந்தபோது அந்தத் தீர்ப்புகளை நான் படித்தது மற்றவர்கள் படிப்பது போல் இல்லை. சமைத்தவரின் பந்தியைப் படித்த இரவு, அவர் என்ன சமைத்திருப்பார் என்றே யோசித்துக்கொண்டிருந்தேன்.

சக ஊழியர் பலர் நினைப்பது போல், ஊரை அறிந்திருப்பது இந்த வேலையில் பெரிய உதவி அல்ல. அது ஒரு வகையில் இடைஞ்சல். சட்டத்தரணி சாட்சி சொல்ல முடியாது. அதிகாரி முன்னால் இருந்த பதிவுக்கு வெளியே ஒரு தாளையும் நீட்ட முடியாது. எனக்குத் தெரிந்தது எனக்குத் தெரிந்ததாகவே இருந்துவிட வேண்டும்.

ஒரு கோப்பைச் சொல்கிறேன். ஆளை அடையாளம் காண முடியாதபடி விபரங்களை மாற்றியிருக்கிறேன். விண்ணப்பப் படிவத்தில் கூடப்பிறந்தவர்கள் என்ற இடத்தில் அவர் இரண்டு தங்கைகளின் பெயர்களை எழுதியிருந்தார். நேர்முகத்தில், 'அண்ணாவைப் பிடித்துக்கொண்டு போனார்கள்' என்றார். மொழிபெயர்ப்பாளர் 'மூத்த சகோதரன்' என்றார். படிவத்தில் இல்லாத ஒரு சகோதரனை இடைநடுவில் புகுத்தியதால் அவருடைய வார்த்தைக்கு நம்பகத்தன்மை இல்லை என்று அதிகாரி எழுதினார். பெரியம்மாவின் மகனை 'அண்ணா' என்று அழைக்காத ஒரு வீடு கொக்குவிலில் இருக்குமா? அதை நான் நீதிமன்றத்தில் சொல்ல முடியாது. ஆனால் அந்தச் சொல்லில் தடக்கி நின்றதால், பதிவை மீண்டும் முதலிலிருந்து புரட்டினேன். 140 ஆம் பக்கமளவில், நேர்முகத்துக்குப் பின் அவர் அனுப்பிய ஒரு சத்தியக் கடதாசி இருந்தது: அண்ணா என்றது பெரியம்மாவின் மகனை, எங்கள் வீட்டில்தான் வளர்ந்தவர். அதிகாரியின் காரணங்களில் அந்தக் கடதாசியைப் பற்றி ஒரு வரியும் இல்லை. மையமான முடிவே அந்தச் சகோதரன் விடயத்தின் மீது நிற்கும்போது இது காக்கக்கூடிய தீர்மானம் அல்ல என்று மேலதிகாரிக்குக் குறிப்பு எழுதினேன். அமைச்சரின் சார்பில் எங்களுக்கு அறிவுறுத்தல் தரும் தரப்புடன் மின்னஞ்சல்கள் சில போய் வந்தன. பின்னர் இரு தரப்பு இணக்கத்துடன் கோப்பு வேறோர் அதிகாரிக்குத் திருப்பி அனுப்பப்பட்டது. அந்தக் கடதாசி எவர் கண்ணுக்கும் படக்கூடிய இடத்தில்தான் இருந்தது. என் தமிழ் செய்தது என்னை மெதுவாகப் படிக்க வைத்தது மட்டுமே.

எல்லாக் கோப்பிலும் அப்படியொரு பக்கம் இருப்பதில்லை. இன்னொன்றில், கிராம சேவையாளரின் கடிதம் கையெழுத்தில் எழுதப்பட்டு முத்திரையும் மங்கியிருந்ததால் அதற்கு நிறை கொடுக்க முடியாது என்று அதிகாரி சொல்லியிருந்தார். அப்படிப்பட்ட கடிதங்கள் எங்கள் வீட்டு அலுமாரியிலேயே இருக்கின்றன. பொய்யாக எழுதி வாங்கிய கடிதங்களும் ஊரில் உண்டு என்பதும் எனக்குத் தெரியும். அதையும் சேர்த்தே சொல்ல வேண்டும். மனுதாரரின் சட்டத்தரணி இதைப் பற்றி எதுவும் எழுதவில்லை. தீர்மானத்துக்கு வேறு உறுதியான காரணங்கள் இருந்தன. அவருடைய இரண்டு வாக்குமூலங்கள் ஒன்றோடொன்று பொருந்தவில்லை. நான் அவற்றின் மீது வாதிட்டேன். கடிதத்தைப் பற்றிய பந்தியை என் வாதத்தில் ஏந்தவில்லை. மனு தள்ளுபடியானது. சரியாகத்தான் தள்ளுபடியானது என்றே இன்றும் நினைக்கிறேன். அந்த முத்திரையும் இன்னும் கண்ணுக்குள் நிற்கிறது.

நாடுகடத்தலை இடைநிறுத்தக் கோரும் அவசர மனுக்களைப் பற்றி அதிகம் எழுத விருப்பமில்லை. வெள்ளிக்கிழமை பிற்பகலில் வரும், ஞாயிறு விமானம். விவாதிக்கத்தக்க பிரச்சினை உண்டா, ஈடுசெய்ய முடியாத பாதிப்பு வருமா, வசதிச் சமநிலை யார் பக்கம் (நிறுத்தினாலும் விட்டாலும் எவருக்குக் கூடுதல் இடைஞ்சல்) என்ற மூன்றையும் மனுதாரர் காட்ட வேண்டும், ஒன்று தவறினாலும் மனு விழும். தொலைபேசியிலேயே விசாரணை முடிந்துவிடுவதுண்டு. அப்படியொரு விசாரணையில் மறுமுனையில் ஒரு குழந்தை தமிழில் தண்ணீர் கேட்டது. நீதிபதிக்கு அது ஒரு சத்தம்.

மாமாவின் முக்காலிக்கு வருகிறேன். "மாமா, நான் அரசாங்கப் பக்கம் நிக்கிற லோயர். உங்கடை மகன்ரை கோப்பை நான் பார்க்கவும் கூடாது, புத்தி சொல்லவும் கூடாது. பார்த்தால் அவருக்கும் கூடாது, எனக்கும் கூடாது" என்றேன். அவர் தாள்களைத் திரும்பப் பைக்குள் வைக்கத் தொடங்கினார். கோபம் இருந்ததாகத் தெரியவில்லை; ஒழுங்காக, விதானையாரின் கடிதம் மடங்காமல் வைத்தார். சட்டப் புத்தகத்தைத் திறந்தால் எவரும் படிக்கக்கூடிய ஒன்றை மட்டும் சொல்வதில் தவறில்லை என்று பட்டது. கனடாவுக்குள் எடுக்கப்பட்ட தீர்மானத்துக்கு எதிராகச் சமஷ்டி நீதிமன்றத்துக்குப் போக, அறிவித்தல் கிடைத்ததிலிருந்து 15 நாள்தான்; குடிவரவு வழக்குச் செய்யும் ஒரு சட்டத்தரணியை மகன் தானே உடனே பார்க்க வேண்டும், காசில்லையென்றால் ஒன்ராறியோவின் சட்ட உதவியைக் கேட்க வேண்டும்.

"தீர்ப்புக் கிடைச்சுப் பதினொரு நாள்" என்றார் மாமா. சுவரில் தொங்கிய பஞ்சாங்கக் கலண்டரை இருவரும் பார்த்தோம். மணி ஏழு, ரொறன்ரோவில் காலை ஒன்பதரை, அலுவலகங்கள் திறந்திருக்கும் நேரம். அவர் விறாந்தையில் நின்றபடியே மகனுக்கு அழைப்பு எடுத்தார். நான் உள்ளே போய்விட்டேன், கேட்டுக்கொண்டிருப்பதும் சரியில்லை என்று. திரும்பிப் போய் வேலையில் சேர்ந்ததும், இந்தக் குடும்பத்தை அறிவேன், அந்தப் பெயரில் கோப்பு வந்தால் என்னிடம் தரக்கூடாது என்று மேலதிகாரிக்கு எழுத வேண்டும்.

கேற்றடியில் செருப்பைப் போட்டுக்கொண்டு மாமா என்னைக் கூப்பிட்டார். "அப்ப பிள்ளை, கோட்டிலை அவனுக்கு எதிராக நிக்கப்போறது உம்மடை கந்தோர் ஆக்கள்தான், என்ன?"

"ஓம் மாமா" என்றேன்.