தரங்கம்பாடியில் ஒரு ஜெபப் பயணம்

தரங்கம்பாடிக்குச் செல்லும் கிறிஸ்தவர்கள் பெரும்பாலும் ஜெர்மானிய லுத்தரன் மிஷனெரியாகிய சீகன்பால்க் ஐயரை நினைத்தே செல்கிறார்கள். 1706-இல் அந்தக் கரையில் இறங்கி, தமிழ் கற்று, புதிய ஏற்பாட்டைத் தமிழில் அச்சேற்றிய அவர், தாம் எழுப்பிய புதிய எருசலேம் ஆலயத்திலேயே 1719-இல் அடக்கம் செய்யப்பட்டார். அவருடைய கல்லறையருகே நின்று நானும் கர்த்தரைத் துதித்தேன். ஆயினும், அவருக்குச் சரியாக இருநூறு ஆண்டுகளுக்குப் பின், 1919 மே மாதத் தொடக்கத்தில் இதே ஊரில் சபைகளின் ஒன்றிப்புக்காகக் கூடி ஜெபித்த 33 பேரை நினைத்தே நான் புறப்பட்டிருந்தேன்.

அவர்களில் இருவரைத் தவிர அனைவரும் இந்தியர். முன்னின்றவர்களுள் ஒருவர் எங்கள் திருநெல்வேலிச் சீமையின் வெள்ளாளன்விளையில் பிறந்த பேராயர் வேதநாயகம் சாமுவேல் அசரியா. ஆங்கிலிக்கன் என்றும் பிரஸ்பிட்டேரியன் என்றும் நாம் பிரிந்து நிற்கிறோமே, இந்தப் பிரிவினைகள் நாம் உண்டாக்கியவை அல்ல, வெளியிலிருந்து நம்மேல் சுமத்தப்பட்டவை, இவற்றைத் தொடர நமக்கு விருப்பமில்லை என்று அவர்கள் அறிக்கையிட்டார்கள். பிரிந்திருக்கும் சபை சாட்சி சொல்லப் பலவீனமாயிருக்கிறது என்பதே அவர்களுடைய மனவேதனை. நம் ஆண்டவரும் தம்முடைய சீஷர் ஒன்றாயிருக்க வேண்டும் என்று பிதாவை வேண்டியபோது, "நீர் என்னை அனுப்பினதை உலகம் விசுவாசிக்கிறதற்காகவும்" என்றல்லவா வேண்டினார்!

அசரியா சாட்சியை எவ்வளவு பெரிதாக எண்ணினார் என்பதை தெலுங்கு நாட்டில் அவர் பேராயராயிருந்த தோர்ணக்கல் திருமண்டலம் அறியும். அங்கே ஞானஸ்நானம் பெற்றவர்களைத் தங்கள் தலைமேல் கைவைத்து, "சுவிசேஷத்தை நான் பிரசங்கியாதிருந்தால், எனக்கு ஐயோ" என்ற பவுலின் சொல்லைத் தங்கள் சொல்லாகவே கூறச் செய்வார். ஏழை எளிய கிராமத்து விசுவாசிகள் அப்படிச் சொல்லிவிட்டு வயலுக்கும் கூலிவேலைக்கும் திரும்பி, அயலாரிடம் இயேசுவைப் பற்றிப் பேசினார்கள் என்பதை நினைக்கும்போதெல்லாம் என் உள்ளம் நெகிழ்கிறது. அவர் 1945 புத்தாண்டு நாளில் கர்த்தருக்குள் நித்திரையடைந்தார். தரங்கம்பாடியில் தொடங்கிய ஜெபத்தின் பலனாக, ஆங்கிலிக்கன், பிரஸ்பிட்டேரியன் முதலிய சபைகள் ஒன்றிணைந்த தென்னிந்தியத் திருச்சபை 1947 செப்டம்பர் 27 அன்று சென்னை புனித ஜார்ஜ் பேராலயத்தில் உதயமானதை அவர் கண்ணால் காணவில்லை.

ராஜவீதியில் 1701-இல், அன்று இவ்வூரை ஆண்ட டேனியர் கட்டிய சீயோன் ஆலயமும் இருக்கிறது. இன்று அது தென்னிந்தியத் திருச்சபையைச் சேர்ந்தது. அதே வீதியிலுள்ள புதிய எருசலேம் ஆலயமோ தமிழ் சுவிசேஷ லுத்தரன் திருச்சபையைச் சேர்ந்தது. லுத்தரன் சகோதரர் 1947-இன் ஐக்கியத்தில் சேரவில்லை. ஒன்றிப்புக்காக ஜெபித்த ஊரிலேயே இரு சபைகள் தனித்தனியே ஆராதிப்பது எனக்குத் துக்கமாக இருந்தது. ஆனாலும் இரண்டு ஆலயங்களிலும் முழங்கால்படியிட்டு, யோவான் பதினேழாம் அதிகாரத்தை வாசித்து, ஒரே பரமண்டல ஜெபத்தைச் சொன்னபோது, நம்மை இணைப்பவர் ஒருவரே என்ற நிச்சயம் துக்கத்தைவிடப் பெரிதாயிற்று.

அங்கே செல்கிறவர்கள் ஒன்றை மட்டும் பார்த்துவிட்டுக் கடற்கரைக்குப் போய்விடாமல், இரண்டிலும் சற்று நேரம் அமர்ந்து ஜெபிக்கும்படி அன்புடன் கேட்டுக்கொள்கிறேன். எங்கள் வீட்டுக் குடும்ப ஜெபத்தில் முன்பெல்லாம் எங்கள் சபையின் குருவானவருக்காகவும் நோயாளிகளுக்காகவும் மட்டுமே மன்றாடுவோம். இப்பொழுது எங்கள் ஊரிலுள்ள லுத்தரன், கத்தோலிக்க, பெந்தெகொஸ்தே சபைகளின் ஊழியர்களையும் இரவுதோறும் கர்த்தருடைய சமுகத்தில் நினைவுகூருகிறோம்.