மலையில் மூன்று இரவு, 11 வாட்டர்கலர்

கூடாரம் போட்டுத் தங்கி மலையை வரைய வேண்டும் என்பது நெடுநாள் ஆசை. போய்வந்துவிட்டேன். வரைந்தது 11 படம். மனதுக்கு நிறைவாக வந்தவை 4.

முதல் நாள் மாலை, எதிரே அடுக்கடுக்காக நான்கு மலை வரிசை. கடைசி வரிசை வெளிறிய நீலம். கிட்டே வர வரப் பச்சையும் கருமையும் கூடிக்கொண்டே வந்தன. இடையில் இருக்கும் காற்று நீல ஒளியை அதிகம் சிதறடிப்பதால் வரும் நிறம் அது. அல்ட்ராமரின் என்ற அடர்நீலத்தில் தண்ணீரைத் தாராளமாக விட்டுப் பின்வரிசையை இட்டேன். வீட்டில் பத்து நிமிடத்தில் காய்ந்துவிடும். அங்கே குளிர்ந்த ஈரக்காற்று. அரை மணி நேரம் கழித்தும் பேப்பர் பளபளத்தது. வெளிச்சம் போகிறதே என்று அடுத்த வரிசையையும் வைத்தேன். இரண்டும் ஒன்றில் ஒன்று ஊறி, மலை முகடே மறைந்துவிட்டது. அன்று வரைந்த மூன்றும் இதே கதிதான்.

மறுநாள் முறையை மாற்றினேன். 300 ஜிஎஸ்எம் (சதுர மீட்டருக்கு 300 கிராம்) எடையுள்ள தடித்த காட்டன் பேப்பரை உள்ளங்கை அகலத்துக்கு வெட்டி, மூன்று அட்டைகளில் டேப் போட்டு ஒட்டினேன். ஒன்று காயும்போது அடுத்தது. காய்ந்ததா என்று கண்ணை நம்பவில்லை. புறங்கையை வைத்துப் பார்த்தேன். சில்லென்று இருந்தால் உள்ளே இன்னும் ஈரம் இருக்கிறது. முகடுகள் அப்போதுதான் கூர்மையாக நின்றன. அப்புறம், பேப்பர் மேல் வெயில் விழாதபடி உட்கார்ந்தேன். வெயிலில் நிறம் வெளிறித் தெரிவதால் கை தன்னால் அடர்த்தியாகப் போட்டுவிடும். நிழலுக்கு வந்தால் படம் இருண்டு கிடக்கும்.

எனக்கு மிகவும் பிடித்தது அன்றிரவு கூடாரத்தை வரைந்த படம். 1916இல் அமெரிக்க ஓவியர் ஜான் சிங்கர் சார்ஜென்ட் கனடாவின் ராக்கி மலைகளில் கூடாரமடித்துத் தங்கியவர்; கூடாரங்களையே வரைந்திருக்கிறார். துணி வழியாக வரும் வெளிச்சத்தில் அவருக்கு அப்படி என்ன ஈர்ப்பு என்று உள்ளே விளக்கை ஏற்றிவிட்டு வெளியே வந்து பார்த்தபோது புரிந்தது. கூடாரத்துக்கு நான் நிறமே போடவில்லை, மெல்லிய மஞ்சள் ஒரு பூச்சு மட்டும். சுற்றியிருந்த மரங்களை அல்ட்ராமரினும் பர்ன்ட் சியன்னா என்ற செம்பழுப்பும் கலந்த கருமையில் இட்டதும் கூடாரம் தானாகவே ஒளிர்ந்தது.

பிரஷ் கழுவிய தண்ணீரை ஓடையில் ஊற்றவில்லை. என் பெட்டியில் கோபால்ட், காட்மியம் என்ற நச்சு உலோகங்கள் கலந்த நிறங்கள் இருக்கின்றன. மூடி போட்ட டப்பாவில் கீழே கொண்டுவந்துவிட்டேன்.

மூன்றாம் நாள் விடியலில் கடும் உறைபனி. வானத்துக்கு இட்ட நீலம் கண்ணெதிரே உறைந்தது. ஓரத்தில் ஊசி போல் ஒரு கோடு கிளம்பியது, அதிலிருந்து கிளைகள், கிளைக்குக் கிளை. கொஞ்ச நேரத்தில் வானம் முழுக்கப் பெரணி இலைகள். வெயில் ஏறியதும் பனி உருகியது. ஆனால் நிறத்துகள்கள் ஒதுங்கிய இடங்களில் அந்தக் கோடுகள் மங்கலாகத் தங்கிவிட்டன. அந்தத் தாளில் மலையை வரையவே இல்லை, அப்படியே வைத்திருக்கிறேன்.

அடுத்த முறை தண்ணீரில் கொஞ்சம் ஓட்கா கலந்து பார்க்கப் போகிறேன். உறைநிலை சற்று இறங்கும். ஒரு தாளுக்கு மட்டும் வெறும் தண்ணீர்.