ரெஜிஸ்டர்ல பத்தாவது வரி

ஆகஸ்ட் 10, 2024, சனி

பர்மாவுல குறைஞ்சபட்ச நாள்கூலி ஏறிருச்சு. நேத்துதான் அறிவிப்பு, ஆனா 1ந்தேதிலருந்தே கணக்காம். விபிஎன் மூணு தடவ அறுந்து நாலாவது தடவதான் நோட்டீஸ் முழுசா இறங்குச்சு. அடிப்படைக் கூலி அதே 4,800, மேல படி 2,000, மொத்தம் 6,800 கியாட். போன அக்டோபர்ல படி 1,000ன்னு போட்டாங்க, இப்ப அது ரெண்டா ஆயிருக்கு. தலைக்கு ஒரு நாளைக்கு ஆயிரம் கூட, உளுந்து சலிக்கிற நம்ம கிட்டங்கில பத்து பேரு, 26 நாளு, மாசம் 2,60,000. இதுல ஜெனரேட்டருக்கு டீசல் சேரல.

பேசுனா நியாயந்தான். 2018ல 4,800 ஆக்குனப்ப டாலர் 1,300 சொச்சம், இப்ப 5,000த்த தாண்டி எங்கயோ போயிருச்சு. 6,800க்கு ஒரு குடும்பம் என்னத்த சமைக்கும்.

ஆகஸ்ட் 11

கரண்ட் இல்ல. உளுந்து சலிக்கல.

ஆகஸ்ட் 12

ஓவர்டைம் எதுல போடுறது, இதுதான் இன்னிக்கி முழுக்க மண்டையில. 4,800ல போட்டா (வாரத்துக்கு ஆறு நாளால பெருக்கி 44 மணியால வகுத்து ரெண்டு மடங்கு) மணிக்கு 1,309. படியையும் சேத்தா 1,854. யாங்கோன் பயின்னவுங் மொத்தச் சந்தைல ரெண்டு கிட்டங்கிக்காரங்கள கேட்டேன், ஒருத்தர் படி கூலியே இல்லங்கிறார், இன்னொருத்தர் நீ ஏம்மா இதெல்லாம் தோண்டுறங்கிறார். படின்னு பேரு வச்சதே இதுக்குத்தான்னு எனக்குத் தோணுது, அடிப்படைய தொடாம மேல மேல ஒட்டுப் போட்டுக்கிட்டே போறது.

தம்பி வந்தான். "பத்து பேருக்கு கீழ இருந்தா இந்த சட்டமே நம்மளுக்கு இல்லக்கா"ன்னான். தெரியும்டா. அஞ்சு பேருன்னா சோஷியல் செக்யூரிட்டி, முதலாளி நம்ம பங்கு 3 சதவீதம், வேலக்காரங்க பங்கு 2. பத்து பேருன்னா குறைஞ்சபட்ச கூலி. எனக்கு சரியா பத்து. ஒண்ணு கூட இல்ல, ஒண்ணு கம்மி இல்ல.

ஆகஸ்ட் 13

மூட்டை தைக்கிற பையன் இன்னிக்கி சாப்பிடல. சட்டை காலர்ல கோணூசிய குத்திக்கிட்டு அப்படியே மூட்டை மேல உக்காந்திருந்தான். வயசு 23. பட்டாளத்துக்கு கட்டாயமா ஆள் எடுக்க அவன் வட்டாரத்துல குலுக்கல் நடக்கப் போவுதாம்.

ஆகஸ்ட் 14

ஒண்ணுமில்ல. மழ.

ஆகஸ்ட் 16, ஆடி கடைசி வெள்ளி

அனவ்ரத்தா ரோடு காளி கோயிலுக்குப் போனேன். அந்தப் பையனோட அம்மாவும் வந்திருந்தா, 11 வருஷமா எங்கிட்ட உளுந்துல கல்லு பொறுக்குறவ. கூழ வாங்கி வச்சுக்கிட்டு குடிக்காம நின்னா. "அக்கா, ரெஜிஸ்டர்ல அவன் பேர அடிச்சுராதீங்க." அவ்வளவுதான் சொன்னா. நான் ஏன் எதுக்குன்னு கேக்கல. கேட்டா தெரிஞ்சு போகும், தெரிஞ்சா யாராவது கேக்கறப்ப சொல்ல வேண்டி வரும்.

ஆகஸ்ட் 17

பையன் வரல.

ஆகஸ்ட் 18

ராத்திரி தூக்கமில்லாம 2015ஆம் வருஷத்து நஷ்டஈடு அறிவிப்ப எடுத்து வச்சுக்கிட்டு படிச்சேன், இதெல்லாம் யாரு படிப்பா ராத்திரி ஒரு மணிக்கு. 3 வருஷத்துக்கு மேல 4க்குள்ளன்னா 3 மாசச் சம்பளம், 10லருந்து 20க்குள்ளன்னா 8 மாசம். நாம நிறுத்துனாதான். தானாப் போனா ஒண்ணுமில்ல. பையனுக்கு மூணே கால் வருஷம் ஆச்சு. அவன் தானாப் போனானா? சொல்லாம போறதும் நிறுத்தறதும் போக விரட்டுறதும் இந்த ரெண்டு கட்டத்துல எதுல வரும்னு அதுல இல்ல.

ஆகஸ்ட் 19

தம்பிக்கு விஷயம் காதுல விழுந்திருச்சு. சந்தோசம் மொகத்துல தெரியுது, பாவி. "ஒம்பதாச்சுல்ல, பேர அடிச்சுரு, பழைய கூலியே போதும்." அப்புறம் அவனே, "இல்லாட்டி சொந்தக்காரப் பையன்னு எழுதிரு, நெருங்கின சொந்தம் கணக்குல வராது." நெருங்கின ரத்த சொந்தம், நம்மள நம்பி இருக்கறவங்கன்னு இருக்குடா சட்டத்துல. நம்பி இருக்கறதுல மட்டும் பாத்தா பத்தும் எனக்கு சொந்தந்தான்.

அடிச்சா தேதி போடணும். தேதி போட்டா அன்னிக்கி எங்க போனான்னு வருவாங்க. அடிக்கலன்னா பத்து பேரு, பத்து பேருன்னா 6,800, மாசம் 2,60,000. ஒரே வரி, பேனா வச்சாலும் செலவு வைக்கலன்னாலும் செலவு. பர்மா எழுத்துல உருண்ட உருண்டையா அவன் பேரு, நனைஞ்ச விரல் பட்டு 'ம' மட்டும் கலங்கியிருக்கு.

ஆகஸ்ட் 20

பல்வலி.

ஆகஸ்ட் 23

வட்டார ஆபீஸ்லருந்து ஒருத்தர் வந்தார். தண்ணி குடிச்சார். ஆள் எத்தன பேருன்னார். பத்துன்னேன். எங்க ஒம்பதுதான இருக்குன்னார், லீவுன்னேன். வருஷத்துக்கு ஆறு நாள் கேஷுவல் லீவு இருக்குதே, அதத்தான் சொன்னேன். அவன் 17ந்தேதிலருந்து வரல, ஞாயித்துக்கிழமய தள்ளுனா இன்னியோட ஆறும் தீர்ந்துச்சு. இனிமே மெடிக்கல் லீவு, 30 நாள் வரைக்கும் இருக்கு, ஆனா டாக்டர் சீட்டு வேணும். யாருகிட்ட கேக்க.

அவர் போனதுக்கு அப்புறந்தான் பாத்தேன், தூண்ல கோணூசி குத்தி வச்சிருக்கு, நூலோட. யாரும் எடுக்கல. நானும் எடுக்கல.

ஆகஸ்ட் 27

அவ வேலைக்கு வந்துக்கிட்டுதான் இருக்கா. நானும் அவளும் பருப்பப் பத்தி மட்டும் பேசுறோம். இந்தியாவுக்கு போற உளுந்துல கல்லு இருக்கக் கூடாதுன்னு நேத்து அவள நான் சத்தம் போட்டேன். கல்லே இல்ல அதுல.

ஆகஸ்ட் 30

நாளைக்கு சம்பளம். கவர் பத்து வாங்கிட்டு வந்தேன், ஒம்பதுல பேரு எழுதியாச்சு. தம்பி ஃபோன் அடிச்சுக்கிட்டே இருக்கான். கரண்ட் வந்திருச்சு, மோட்டார் போட்டுட்டு வந்து