சுவரில் ஊரும் கூடு

கொழும்பில் கீழ்மாடியில் குடியிருப்பவர்கள் இதைக் கட்டாயம் கண்டிருப்பீர்கள். குளியலறைக் கதவோரத்தில், அலுமாரிக்குப் பின்னால், சுவரும் நிலமும் சேரும் மூலையில் சாம்பல் நிறத்தில் தட்டையாக ஒன்று ஒட்டிக்கொண்டிருக்கும். பூசணி விதை மாதிரி, ஒரு சென்ரிமீற்றர் நீளம் வரும். காய்ந்த அழுக்கு என்றுதான் பலர் நினைப்பார்கள். கொஞ்சம் பொறுத்துப் பாருங்கள். ஒரு நுனியிலிருந்து கறுத்த தலை நீளும், மூன்று சோடிக் கால்கள் சுவரைப் பற்றும், கூடு பின்னால் இழுபட்டு வரும். அந்துப்பூச்சி ஒன்றின் புழு அது.

வழியில் விரலை வைத்தால் புழு கூட்டுக்குள் உடலை மடித்து, மறு நுனியால் தலையை நீட்டி, வந்த பக்கமே போய்விடும். கூட்டுக்கு இரண்டு வாசல். நடுப்பகுதி அகலமாக இருப்பதால் உள்ளே திரும்ப இடமிருக்கிறது. எத்தனை தரம் பார்த்தாலும் எனக்கு அலுப்பதில்லை. உள்ளே பட்டு நூல், வெளியே மணலும் தூசும் உதிர்ந்த பெயின்றும். வெள்ளவத்தையில் எங்கள் முன் அறைச் சுவர் நீலம், அங்கே ஊரும் கூடுகளிலும் நீலப் பொட்டுகள்.

"பிள்ளை, கூட்டித் தள்ளு, உடுப்பெல்லாம் அரிச்சுப்போடும்" என்பார் அம்மா. உடுப்பை அரிப்பதற்குப் பேர்போன டினியா பெலியோனெல்லா என்ற அந்தின் புழுவும் கூட்டோடுதான் திரியும், ஆனால் அதன் கூடு உருளை. தட்டையான கூடு ஃபெரியோகா என்ற பேரினத்தைக் காட்டுகிறது. அதில் இலங்கையில் பதிவாகியிருப்பது ஃபெரியோகா அலுட்டெல்லா, 1892இல் பூச்சியியலாளர் ரெபெல் விவரித்த இனம். இந்தியா, ஜாவா, சீஷெல்ஸ், கனேரித் தீவுகளிலும் உண்டு.

இந்தப் பேரினத்துப் புழுக்களின் முக்கிய உணவு பழைய சிலந்தி வலை. உதிர்ந்த மயிர், செத்த பூச்சி, கம்பளி எல்லாம் தின்னும், பருத்தியைத் தொடாது. நுவரெலியாவுக்கு என்று எடுத்துவைத்த ஸ்வெட்டரை மட்டும் பத்திரப்படுத்துங்கள், சரி. ஈரமான காற்று இதற்கு அவசியம். கடலோரத்துக் கீழ்மாடியும் ஒட்டறை தட்டாத மூலையும் சேர்ந்தால் வேறென்ன வேண்டும்? குறைக்க விரும்பினால் மருந்தை விட்டுவிட்டுத் தும்புத்தடியை எடுங்கள்.

அந்து சாம்பல் நிறம், தலையில் பரட்டை மயிர், முன்சிறகில் சில கரும்புள்ளிகள். இனத்தை உறுதிப்படுத்த அதன் பிறப்புறுப்பை நுணுக்குக்காட்டியில் பார்க்கவேண்டும். படம் எடுப்பவர்கள் வெறுங்கூட்டோடு நின்றுவிடாமல், அந்து வெளிவந்ததும் அதையும் பக்கத்தில் அடிமட்டம் வைத்து எடுங்கள்.