கொமுட்டர் பயணிகள் குழு: புகாருக்கு முன் பதிவேடு

மலேசியாவில் கிள்ளான், செந்தூல், ரவாங் பக்கம் கொமுட்டர் எனும் புறநகர் ரயிலில் போகும் பயணிகளின் வாட்ஸ்அப் குழுக்களுக்குப் பஞ்சமே இல்லை. காலை ஏழு மணிக்கு "இன்னும் வரல", "கால் வைக்க இடமில்ல" என்று செய்திகள் குவியும், ஒன்பது மணிக்கெல்லாம் அடங்கிவிடும். அந்தக் கோபம் முழுக்க நியாயமானது. ஆனால் "எப்பவும் லேட்" என்று எழுதிப் போட்டால், சிரமத்துக்கு வருந்துகிறோம் என்ற பதிலோடு கோப்பை மூடிவிடலாம். எந்த நிலையம், எந்த நாள், எத்தனை நிமிடம் என்று எழுதிவிட்டால் அப்படி எளிதாக மூட முடியாது.

பலரும் தாமதத்தை மட்டும் குறித்து வைக்கிறார்கள். அதைவிட முக்கியம் இடைவெளி. அரை மணிக்கு ஒரு ரயில் ஓடும் நேரத்தில் ஒன்று ரத்தானால், அதற்காக வந்தவர் இன்னும் அரை மணி நேரம் நிற்க வேண்டும். அடுத்த ரயில் நேரத்துக்கு வந்துவிட்டால் அதன் கணக்கில் தாமதம் பூச்சியம்தான். ரத்தாகாவிட்டாலும் இதே கதை நடக்கும். ஒரு மணி நேரத்தில் இரண்டு ரயில்கள் 30 நிமிட இடைவெளியில் வந்தால், நேரம் பார்க்காமல் வருகிறவரின் சராசரிக் காத்திருப்பு 15 நிமிடம். அதே இரண்டு ரயில்கள் 10 நிமிடமும் 50 நிமிடமுமாக வந்தால் சராசரி ஏறக்குறைய 22 நிமிடம். நீண்ட இடைவெளியில்தான் அதிகம் பேர் வந்து சேருகிறார்கள் என்பதே காரணம். 50 நிமிடம் கழித்து வரும் ரயிலுக்கு ஐந்து மடங்கு கூட்டம் காத்திருக்கும். கதவு மூடாது, நிலையத்துக்கு நிலையம் கூடுதலாக நிற்கும், தாமதம் மேலும் வளரும். குழு எழுதும் கடிதத்தில் இந்தக் கணக்கு கட்டாயம் இடம்பெற வேண்டும்.

பதிவேட்டில் தேதி, நிலையம், நடைமேடை எண், போகும் ஊர், அட்டவணை நேரம், ரயில் உண்மையில் நகர்ந்த நேரம், முகப்பில் உள்ள ரயில்தொடர் எண், ஒலிபெருக்கியில் சொன்ன காரணம், ஏற முடியாமல் நின்றவர்கள் எத்தனை பேர் என்ற கட்டங்கள் போதும். வந்து நின்ற நேரத்தை ஒருவரும் புறப்பட்ட நேரத்தை இன்னொருவரும் எழுதினால் கணக்கு குழம்பும். சக்கரம் நகர்ந்த நேரம் என்று முதலிலேயே பேசி வைத்துக்கொள்ளுங்கள். நேரத்துக்கு வந்த ரயிலையும் எழுத வேண்டும். தாமதமானவற்றை மட்டும் எழுதிய பதிவேட்டை முதல் கூட்டத்திலேயே ஒதுக்கிவிடுவார்கள், அப்படி ஒதுக்குவதில் தப்பும் இல்லை. மழை, பள்ளி விடுமுறை, திருவிழா ஆகியவற்றைத் தனிக் கட்டத்தில் குறியுங்கள்.

நான்கு வாரம், வேலை நாள்களில் காலை 6.30 முதல் 8.30 வரை, மாலை 5.30 முதல் 7.30 வரை எடுத்தால் நல்ல படம் கிடைக்கும். இரண்டாவது வாரத்தில் தொண்டர்கள் சோர்ந்துவிடுவார்கள். அதனால் ஒருவருக்கு வாரத்தில் இரண்டு வேளைக்கு மேல் கொடுக்க வேண்டாம். ஒரே தடத்தில் இரண்டு நிலையங்களில் ஆள் இருந்தால் பலன் பெரிது. கிள்ளானில் நேரத்துக்குப் புறப்பட்ட ரயில் கோலாலம்பூரின் (கேஎல்) மைய நிலையமான கேஎல் சென்ட்ரலில் 14 நிமிடம் தாமதம் என்றால், சிக்கல் நடுவில் இருக்கிறது என்று காட்டிவிடலாம். மஞ்சள் கோட்டைத் தாண்டக்கூடாது, பயணிகளின் முகத்தைப் படமெடுக்கக்கூடாது. நிலைய ஊழியரிடம் சண்டைக்கும் போகாதீர்கள். ரயிலை ரத்து செய்வது அவர் இல்லை.

காரணங்களைப் புரிந்துகொண்டால் கோரிக்கை கூர்மையாகும். பத்துமலை – புலாவ் செபாங், தஞ்சோங் மாலிம் – கிள்ளான் துறைமுகம் ஆகிய இரண்டு தடங்களும் புத்ரா, பேங்க் நெகாரா, கோலாலம்பூர், கேஎல் சென்ட்ரல் நிலையங்களில் ஒன்றாக ஓடுகின்றன. அங்கேயே ஈடிஎஸ் எனும் நெடுந்தூர மின்ரயிலும் வருகிறது. அதனால் பத்துமலைப் பக்கத்துத் தாமதம் ஷா ஆலாம் பயணியையும் பிடித்துக்கொள்ளும். துறைமுகத் தடத்தில் சரக்கு ரயிலும் ஓடுகிறது. கேஎல்–கிள்ளான் பாதை 1886-இல் புக்கிட் கூடா வரை திறக்கப்பட்ட பழைய பாதை. 2016-இல் தொடங்கிய இரட்டைத் தட மறுசீரமைப்பின்போது வேலைக்கு இடம் விட ரயில்களைக் குறைத்தார்கள். இப்படிப்பட்ட தாமதத்துக்கு ஓட்டுநரைக் குறை சொல்லிப் பயனில்லை.

திரும்பும் நிலையத்தையும் ஒரு நாள் கவனியுங்கள். பத்துமலையில் ரயில் நின்றதும் ஓட்டுநர் ஒரு முனை அறையைப் பூட்டிவிட்டு, இறங்கிவரும் கூட்டத்தை விலக்கிக்கொண்டு ஆறு பெட்டி நீளமும் நடந்து மறுமுனைக்குப் போக வேண்டும். வந்த தாமதம் நிற்கும் நேரத்தை விழுங்கிவிட்டால், திரும்பும் ரயில் கிளம்பும்போதே தாமதம்தான். அட்டவணையில் திரும்பும் நேரத்தைக் கூட்டுங்கள், அல்லது மறுமுனையில் இன்னொரு ஓட்டுநரைத் தயாராக வையுங்கள் என்று கேட்கலாம். புதுத் தடம் போடுவதோடு ஒப்பிட்டால் இது சின்னக் கோரிக்கை. தைப்பூசத்துக்குக் கூடுதல் சேவை திட்டமிடுவதற்கு மிக முன்பே இதை எழுதிக் கொடுப்பது நல்லது.

பதிலே வராத கடிதங்களில் பல தவறான மேசைக்குப் போனவை. ரயில் ஓட்டம், பெட்டி, அறிவிப்பு ஆகியவை கொமுட்டரை ஓட்டும் கேடிஎம் நிறுவனத்தின் பொறுப்பு. தடமும் நிலமும் ரயில்வே சொத்துக் கழகத்துடையவை. உரிமமும் கண்காணிப்பும் 2019 முதல் அபாட் எனும் தரைப் பொதுப் போக்குவரத்து முகமையிடம் இருக்கின்றன. நிலைய வாசலுக்கு வெளியே உள்ள தெருவிளக்கும் நடைபாதையும் கோலாலம்பூரில் மாநகர் மன்றத்தின் வேலை, கிள்ளானில் அவ்வூர் மாநகராட்சியின் வேலை. ஒரு கடிதத்தில் ஒரே கோரிக்கை, மலாயில், ஒரு பக்கத்துக்குள் இருக்கட்டும். பதிவேட்டை இணைப்பாக வையுங்கள். நாடாளுமன்ற உறுப்பினருக்கு நகல் அனுப்புங்கள். மக்களவையில் எழுத்துமூலக் கேள்வியாக அவர் அதைப் போட்டால் அமைச்சு எழுத்தில் பதில் சொல்ல வேண்டும். அடுத்த கடிதத்துக்கு அந்தப் பதிலே அடிப்படை ஆகும். பணம் செலவாகும் கோரிக்கையை ஆண்டின் முதல் பாதியிலேயே அனுப்பிவிடுங்கள். பட்ஜெட் வழக்கமாக அக்டோபரில் வருவதால், செப்டம்பரில் எழுதுவது வீண்.

குழுவின் சட்ட அமைப்பைப் பற்றிப் பலர் யோசிப்பதே இல்லை. 1966-ஆம் ஆண்டுச் சங்கங்கள் சட்டப்படி ஏழு பேரோ அதற்கு மேலோ சேர்ந்தாலே, தற்காலிகமானதாக இருந்தாலும், அது சங்கம். பதிவு இல்லாமல் கடிதத்தாள் அடித்து நன்கொடை வாங்கினால் வம்பு வரும். தொடக்கத்தில் பதிவு பெற்ற குடியிருப்பாளர் சங்கத்தின் கீழ் துணைக்குழுவாக இயங்குவதே பாதுகாப்பு. முத்திரையும் செயலாளரும் ஏற்கெனவே அங்கே இருப்பார்கள். பணம் சேர்க்கும் அளவுக்கு வேலை வளர்ந்த பிறகு சங்கப் பதிவிலாகாவுக்குப் போகலாம்.

கேட்டது கிடைத்துவிட்டால் அதே நிலையங்களில், அதே நேரத்தில், அதே கட்டங்களோடு இன்னும் நான்கு வாரம் எழுதுங்கள். முன்னும் பின்னும் உள்ள எண்களை ஒரே தாளில் வைத்து, நன்றிக் கடிதத்தோடு அதே அதிகாரிக்கு அனுப்புங்கள். தன் மேலதிகாரியிடம் காட்ட அவருக்கும் ஒரு தாள் வேண்டும். பல மாதம் கழித்து அட்டவணை மறுபடி நழுவினாலும் அந்தத் தாளின் நகல் உங்கள் கையில் இருக்கும்.