நிறுத்தி எண்ணு: ஆற்றங்கரையில் கொடுவாவுக்காகப் பதினொரு மாதம்

போன ஆவணியில் தொடங்கினேன். இப்போது ஆனி. நோட்டைப் புரட்டினால் கொடுவா மீனுக்குத் தூண்டில் வீச 38 முறை போயிருக்கிறேன். கரைக்கு வந்த கொடுவா 7. கொக்கியில் மாட்டி, துள்ளி, கழன்று போனவை 9. இடையில் கிடைத்த பாரை, சீலா, செப்பிலி எதையும் இதில் சேர்க்கவில்லை. கொடுவாவுக்கு மட்டும் வைத்த கணக்கு இது.

இடம் எப்போதும் ஒன்றுதான். வைகை பாக் விரிகுடாவில் சேரும் ஆற்றங்கரை என்ற ஊர். ராமநாதபுரம் பெரிய கண்மாய் நிரம்பி மிச்சம் வந்தால்தான் வைகை இங்கே ஆறாகத் தெரியும். மற்ற மாதங்களில் கடல்தான் உள்ளே ஏறி இறங்கிக்கொண்டிருக்கும். அந்த ஏற்றமும் வற்றமும்கூட இந்தப் பக்கம் ஒரு மீட்டருக்குள்தான். அதனால் அமாவாசை, பௌர்ணமியை ஒட்டிய நாட்களாகப் பார்த்துப் போகிறேன். அப்போதுதான் தண்ணீர் இழுப்பது கண்ணுக்குத் தெரியும். இழுப்பு இல்லாத நாளில் கொடுவா வாயே திறக்காது. முதல் இரண்டு மாதம் எனக்கு இது புரியவில்லை. லீவு கிடைத்த நாளெல்லாம் கிளம்பிப் போனேன்.

சாமான்களைப் பற்றிச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். 7 அடி ராடு (தூண்டில் கம்பு), நரம்பைச் சுற்றும் 4000 அளவு ரீல், 30 பவுண்டு தாங்கும் பிரெய்டு (பின்னல் நரம்பு), 9 முதல் 11 செ.மீ. நீளத்தில் ஆழம் போகாத மின்னோ லூர்கள் (சிறு மீன் வடிவப் பொய் இரைகள்), ஜிக் ஹெட்டில் (ஈயத்தலை வைத்த கொக்கி) கோத்த ரப்பர் மீன்கள். இதற்கு மேல் வாங்கியது எதுவும் எனக்குக் கூடுதலாக ஒரு மீனைத் தரவில்லை. காசு போட வேண்டிய இடம் லீடர்தான், அதாவது பிரெய்டுக்கும் லூருக்கும் நடுவே கட்டும் தடித்த நரம்பு. கொடுவாவின் செவுள் மூடி ஓரம் கத்தி மாதிரி இருக்கும். வாயின் உள்பக்கம் உப்புத்தாள் போலச் சொரசொரப்பு. பிரெய்டு இழுவைக்கு எவ்வளவு தாங்கினாலும் அந்தத் தேய்ப்புக்குத் தாங்காது. ஐப்பசியில் மாட்டிய முதல் நல்ல மீன் இரண்டு முறை துள்ளியது, மூன்றாவது முறை தலையை உதறியது, நரம்பு லேசாகிவிட்டது. இழுத்துப் பார்த்தால் லீடர் நுனி பஞ்சு மாதிரிப் பிரிந்திருந்தது. அது 20 பவுண்டு லீடர். அன்றிலிருந்து 40 பவுண்டு ஃப்ளூரோகார்பன் நரம்பு, கை முழ நீளத்துக்கும் கொஞ்சம் கூட. ஒவ்வொரு மீனுக்குப் பிறகும் விரலால் தடவிப் பார்ப்பேன். சொரசொரவென்று பட்டால் அந்தப் பகுதியை வெட்டிவிட்டு மறுபடி கட்டுவேன்.

கட்டு என்றால் எஃப்ஜி முடிச்சு. பிரெய்டை லீடரின் மேல் மாற்றி மாற்றி 20 சுற்று சுற்றி இறுக்குவது. முடிச்சு என்று ஒரு புடைப்பே இருக்காது, வளையங்களில் தட்டாமல் போய்விடும். ஆனால் சுற்று தளர்ந்திருந்தால் உருவிக்கொண்டு வரும். எனக்கு அப்படி இரண்டு மீன் போயின. இருட்டில் டார்ச் வெளிச்சத்தில் அவசரமாகக் கட்டியவை இரண்டும். இப்போது வீட்டிலேயே நான்கு லீடர் கட்டி, ஒவ்வொன்றையும் கதவுக் கொண்டியில் மாட்டி முழுப் பலத்தோடு இழுத்துப் பார்த்த பிறகுதான் எடுத்துப் போகிறேன். டிராக்கையும் (மீன் இழுத்தால் ரீல் நரம்பை விடுகிற இறுக்கம்) அப்படியே கைத்தராசில் மாட்டி 4 கிலோவுக்கு வைக்கிறேன். முன்பு விரலால் இழுத்துப் பார்த்து ‘சரி, இது போதும்’ என்று விட்டுவிடுவேன். தராசில் பார்த்தபோது அந்தப் ‘போதும்’ ஒரு நாள் 2 கிலோ, இன்னொரு நாள் 6 கிலோ.

இனி இந்தப் பதினொரு மாதத்தில் நான் உண்மையாகவே கற்றுக்கொண்ட விஷயம். லூரை நிறுத்துவது.

கொடுவா துரத்திக் கடிக்கிற மீன் இல்லை. பக்கத்தில் வந்து வாயைப் படாரென்று திறக்கும்; தண்ணீரோடு சேர்ந்து இரையும் உள்ளே போய்விடும். இரவில் ‘தொப்’ என்று கேட்கும் சத்தம் அதுதான். நரம்பை விறைப்பாக வைத்து லூரை இழுத்துக்கொண்டே இருந்தால், அது உறிஞ்சினாலும் லூர் உள்ளே போக முடியாது. நான் மூன்று மாதம் அப்படித்தான் சுற்றிக்கொண்டிருந்தேன். ‘தொப்’ கேட்கும், கையில் ஒன்றும் இருக்காது. இப்போது ராடு நுனியால் இரண்டு வெட்டு, பிறகு நரம்பைக் கொஞ்சம் தளர்த்தி ஒன்று, இரண்டு, மூன்று என்று எண்ணுகிறேன். மாட்டிய 16 மீன்களில் 11 எண்ணும்போது விழுந்தவை. ஃபின்லாந்தில் லவுரி ராபலா என்பவர் 1936-இல் தக்கையில் செதுக்கிய முதல் லூரும் இதே கவனிப்பில் பிறந்ததுதான். பெரிய மீன் கூட்டத்தை விட்டுவிட்டு, தள்ளாடும் ஒற்றை மீனைத்தான் எடுக்கிறது என்று ஏரியில் பார்த்துத் தெரிந்துகொண்டவர் அவர். ஏரியோ முகத்துவாரமோ, அடிபட்ட மீன் போகிற போக்கு ஒன்றுதான். கொஞ்சம் நெளியும், நிற்கும், மறுபடி நெளியும்.

எங்கே வீசுவது என்பதை எனக்குச் சொன்னவர் அங்கே வீச்சுவலை போடும் ஒரு அண்ணன். முதல் மாதங்களில், கொடுவாவுக்கு இரையான மடவை மீன் துள்ளும் இடமெல்லாம் வீசினேன். அவர் ஒருநாள் வலையை உதறிக்கொண்டே, “துள்ளுற மடவையப் பாத்து வீசாத தம்பி. அது சும்மாவே துள்ளும். எங்க சத்தமில்லாம கரையோட ஒட்டி நிக்கிதோ, அதுக்கு வெளிப்பக்கம் போடு” என்றார். மடவை பயந்து ஒடுங்கி நிற்கிறது என்றால் அதற்கு வெளியே ஒருவன் காத்திருக்கிறான் என்று பொருள். கார்த்திகையில் மழை வந்து செந்தண்ணீர் இறங்கியபோது, கலங்கலும் தெளிவும் சந்திக்கும் கோட்டை ஒட்டி மடவை அப்படித்தான் நின்றது. அந்த ஒரு வாரத்தில் மட்டும் 3 கொடுவா.

இதே அண்ணனிடம் தவறாகவும் நடந்திருக்கிறேன். அவர் வலையோடு மெதுவாக நடந்து வந்துகொண்டிருந்தார். நான் அவர் பார்த்து வந்த இடத்துக்கே லூரை வீசிவிட்டேன். மடவைக் கூட்டம் கலைந்தது. அவர் ஒன்றும் சொல்லவில்லை, வலையைத் தோளில் போட்டுக்கொண்டு திரும்பி நடந்தார். எனக்கு அது ஞாயிற்றுக்கிழமைப் பொழுது, அவருக்கு அன்றைய சம்பாத்தியம். மறுவாரம் போய், “அண்ணே, அன்னைக்கு நான் செஞ்சது தப்பு” என்று சொன்னேன். இப்போது யாராவது வலையோடு வந்தால் நரம்பைச் சுற்றி எடுத்துவிட்டுக் கரையில் உட்கார்ந்துவிடுவேன். அவர்கள் முடித்துப் போன பிறகு கால் மணி நேரம் விட்டுத்தான் வீச்சு.

மீனைத் திருப்பி விடுவதைப் பற்றி. அமெரிக்காவில் பாஸ் மீன் போட்டிகளை வளர்த்த ரே ஸ்காட், பிடித்த மீனை உயிரோடு எடைபோட்டுத் திருப்பி விடுவதை 1972-இல் போட்டிக்குள் கொண்டுவந்தார். கொடுவாவுக்கு ஆசியக் கடல் பாஸ் என்று பெயர் இருந்தாலும் அந்த மீனுக்கும் இதற்கும் உறவு கிடையாது. ஆனால் விடுவதற்கான காரணம் கொடுவாவில் இன்னும் வலுவானது. கொடுவா பெரும்பாலும் ஆணாகத்தான் முதிரும்; வளர்ந்து பெருத்த பிறகு பெண்ணாக மாறும். பெரிய மீன்கள் எல்லாம் முட்டையிடுபவை என்றே வைத்துக்கொள்ளலாம். முகத்துவாரத்தை விட்டு முட்டையிடப் போகும் அந்தப் பெண் மீனை எடுப்பதில் எனக்குச் சம்மதமில்லை. 80 செ.மீ.க்கு மேல் கிடைத்தால் விடுவது என்று முடிவு செய்திருக்கிறேன். இதுவரை என் பெரிய மீன் 71 செ.மீ., அதையும் விட்டேன். 50-க்கும் 60-க்கும் இடைப்பட்ட மூன்றை வீட்டுக்கு எடுத்துப் போனேன். அதில் ஒன்றில் பாதி அந்த அண்ணன் வீட்டுக்குப் போனது. 71-ஐ விட்டபோது அவர் பார்த்துக்கொண்டிருந்தார். கொடுவா நல்ல விலை போகும் மீன். “உன் மீன் தம்பி, உன் இஷ்டம்” என்றார். அவரிடம் மீன் பெண்ணாக மாறும் கதையை நான் சொல்லவில்லை. இது பொழுதுபோக்காக வருகிறவர்களுக்கான கட்டுப்பாடு, பிழைப்புக்கு வலை வீசுகிறவர்களுக்கு நான் சொல்லக்கூடாது.

விட்டவற்றில் ஒன்று செத்துப்போனது. பங்குனிக் கடைசி, தண்ணீர் கால் சுடுகிற அளவுக்குக் காய்ந்திருந்தது. கூட வந்த நண்பர் போட்டோ எடுக்க எடுக்க நானும் மீனைத் தாடையில் பிடித்துத் தொங்கவிட்டபடி நின்றேன். விட்டதும் கொஞ்ச தூரம் போய் மல்லாந்தது. தேடிப் பிடித்து அரை மணி நேரம் நீரோட்டத்துக்கு முகம் காட்டிப் பிடித்திருந்தேன், மீளவில்லை. அந்தத் தவறு என்னுடையது. இப்போது மீன் தண்ணீரை விட்டு வெளியே வரும்போது நானும் மூச்சை அடக்கிக்கொள்கிறேன். எனக்கு மூச்சு முட்டினால் மீன் உள்ளே போய்விட வேண்டும். கையை நனைத்துக்கொண்டு, வயிற்றுக்கு அடியில் தாங்கித்தான் தூக்குவது. மணலில் போடுவதே இல்லை. சித்திரை, வைகாசியில் விடியுமுன் இரண்டு மணி நேரம் மட்டும் வீசினேன்.

கொக்கியையும் அதற்குப் பிறகுதான் மாற்றினேன். மும்முனைக் கொக்கி இரண்டு இருந்தால் ஒன்று வாயில், இன்னொன்று செவுளில் அல்லது கண்ணோரத்தில் மாட்டும். கழற்றவே நேரம் போய்விடும். ஒற்றைக் கொக்கி போட்டு, அதன் எதிர்முள்ளைக் குறடால் நசுக்கிவிட்டால் ஒரே திருகலில் வந்துவிடுகிறது. மீன் கழன்று போவது கூடிவிடும் என்று பயந்தேன். மாற்றிய பிறகு மாட்டிய ஐந்தில் கழன்றது இரண்டு. முன்பைவிட மோசமில்லை. மீன் மேலே எழும்பும்போது ராடு நுனியைத் தண்ணீருக்குள் தாழ்த்தி வைப்பதும் துள்ளலைக் குறைக்கிறது.

ஒரு சிக்கல் வந்தது. நிறுத்தினால் அந்தரத்தில் நிற்க வேண்டிய மின்னோ, கொக்கி லேசானதும் எண்ணி முடிப்பதற்குள் மேலே மிதந்து வந்துவிட்டது. உப்புத் தண்ணீரின் கனத்தில் அது ஏற்கெனவே கொஞ்சம் மிதக்கிற ரகம். ஈயத்தகட்டில் துண்டு வெட்டி வயிற்றில் ஒட்டிப் பார்த்தேன். வீட்டு வாளியில் அழகாக நின்றது, முகத்துவாரத்தில் மறுபடி மிதந்தது. வாளியில் இருந்தது குழாய்த் தண்ணீர். அதனால் போன வாரம் திரும்பும்போது, கரையில் கிடந்த அறுந்த நரம்புச் சுருள்களைப் பொறுக்கிப் பையில் போட்டுக்கொண்டு (கொக்கு, நாரைகளின் காலில் சுற்றிக்கொள்ளும் சனியன் அது), கூடவே ஒரு கேன் நிறைய ஆற்றங்கரைத் தண்ணீரும் பிடித்து வந்தேன். மும்முனைக் கொக்கியோடு இன்னும் இரண்டு மின்னோ மிச்சம் இருக்கின்றன. அமாவாசைக்கு முன்னால் அவற்றை அந்தத் தண்ணீரில் போட்டு எடை சரி பார்க்க வேண்டும்.